குச்சியைக் கீழே வைக்கும் வரை

டிரம்ஸ் வாசிக்கிறவரை எல்லோரும் ஏழு என்றே கூப்பிட்டார்கள். குழுவின் முதல் பாட்டின் தாளம் ஏழு எண்ணிக்கையில் போனது. கேட்கிறவர்கள் நாலில் கால் தட்டப் பார்த்துத் தடுமாறினார்கள். தடுமாற வைத்தவர் இவர். பேர் ஒட்டிக்கொண்டது.

அறுபத்திரண்டு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் ஸ்டூடியோவுக்கு வந்தது பாட்டுக் கேட்க அல்ல. துப்புத் துலக்க.

கம்பெனி அவர்களுடைய ஆறு ரெக்கார்டுகளையும் ஒரே பெட்டியில் மறுபடி வெளியிடப் போகிறது. கூடவே ஏழாவதாகப் புதிதாக ஒன்று. புதியதில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று எழுதிய தாளை மாப்பிள்ளை நேற்று அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை கீபோர்டு வாசிக்கிறவர், ஏழின் தங்கை புருஷன். பாட்டெல்லாம் அவர் எழுதுவதுதான். தாளில் கீபோர்டுக்கு எதிரே பேர் இருந்தது. கிட்டாருக்கு இருந்தது, பேஸுக்கு இருந்தது. டிரம்ஸுக்கு எதிரே ஒன்றுமில்லை.

ஏழு அதை மூன்று முறை திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் பழைய டேப்புகளைச் சூட்டடுப்பில் வைத்து உலர்த்திக்கொண்டிருந்தாள். உலர்த்தாமல் ஓட்டினால் பூச்சு உரிந்து வந்துவிடும். அந்த நாளில் எல்லாவற்றையும் பதிவு செய்தவர் அவள் அப்பா. அவர் போய் நாலு வருஷமாகிறது.

“என்ன மாமா, சொல்லாம கொள்ளாம?”

“சும்மாதான். முதல்ல இருந்து போடு.”

முதல் ரெக்கார்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிஷம். ஆர்கன் ஏறிக்கொண்டே போக, டிரம்ஸ் அதன் சட்டையைப் பிடித்து இழுத்தது. மூன்றாவதில் எண்ணிக்கை பதினொன்று. நடுவில் ஐந்து, மறுபடி பதினொன்று. பள்ளிக்கூடப் பையன்கள் நோட்டில் எழுதிவைத்து எண்ணிய பாட்டு அது. நாலாவதில் எல்லாம் மாறிப்போனது. நாலு நிமிஷப் பாட்டு, நாலு எண்ணிக்கை, பளபளக்கும் சிந்தசைசர். ஐந்தாவதில் இயந்திரத் தாளமும் சேர்ந்தது. ஆறாவதில் கிட்டார் சுவர்போல நின்றது. டிரம்ஸ் அதற்கு அப்பால் எங்கேயோ இருந்தது.

“மூணாவதுல மடியில உக்காந்திருக்கீங்க மாமா. ஆறாவதுல பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு.”

“காலம் மாறிடுச்சுன்னு மாப்பிள்ளை பேட்டியெல்லாம் குடுத்தாரு.”

“மாறலையா?”

“காலமா மாறுச்சு? ஆளை நகர்த்தணும்னா முதல்ல நாற்காலியை நகர்த்துவாங்க.”

இருபத்தைந்து வருஷமாக இதைத்தான் அவர் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். பத்திரிகைகளும் மாப்பிள்ளையைக் கிழித்தன, ரேடியோவுக்கு விலைபோனவர் என்று. காலம் மாறிவிட்டது என்பதற்கு மேல் மாப்பிள்ளை எதற்கும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதவரை எப்படி நம்புவது?

“நாலாவதுக்குன்னு ஒரு நீளப் பாட்டு எடுத்தோம். இருபத்திரண்டு நிமிஷம். டேப் கெட்டுப்போச்சுன்னு மாப்பிள்ளை சொன்னாரு. தேடிப் பாரு.”

அவள் கம்பெனிக் கிடங்கிலிருந்து வந்த பெட்டிகளைக் கிளறினாள். அடியில் ஒன்று இருந்தது. மேலே அவள் அப்பாவின் எழுத்து: ‘வேண்டாம்’. ஒட்டிய காகிதம் பழுத்துப்போயிருந்தது, யாரும் பிரித்ததில்லை.

“கெடலையே மாமா. நேத்து பெட்டியைப் பிரிக்காமலே மொத்தமா உலர்த்தினதுல இதுவும் இருந்திருக்கு.”

“தெரியும். வேற எவனையோ வாசிக்க வச்சிருப்பாரு. அதான் மறைச்சிருக்காரு. போடு.”

டேப் ஓடியது. வாசித்தது வேறு யாருமில்லை. தன் கை தனக்குத் தெரியாதா? பதினாலாவது நிமிஷத்தில் அந்தக் கை எண்ணிக்கையை விட்டது. நின்றார்கள். “நெட்டை, நீ முந்துற,” என்றது அவருடைய இளவயசுக் குரல், பேஸ் வாசிப்பவரைப் பார்த்து. மறுபடி ஆரம்பித்தார்கள். அதே இடம். மறுபடி நெட்டைக்குத் திட்டு. மூன்றாவது தடவையும் விட்டபோது கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

டேப் நிற்கவில்லை.

“முந்தினது நானா?” டேப்பில் நெட்டையின் குரல். “என் தலையில கட்டிட்டுப் போறாரு.”

“விடு,” என்றது மாப்பிள்ளையின் குரல். “மணிக்கட்டு போயிடுச்சு அவருக்கு. சட்டைப் பொத்தான்கூட அண்ணிதான் போட்டு விடறாங்களாம். வீட்டுல சொன்னா.”

“அப்ப வேற ஆளைப் பாக்க வேண்டியதுதானே?”

“ஆளை மாத்த வேணாம். பாட்டை மாத்துவோம். சின்னதா, நாலுல.”

“கேக்கறவன் காறித் துப்புவான்.”

“என் மேல துப்பட்டும். அவருகிட்ட மூச்சு விடாத.”

ஏழு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த டேப்பை மாப்பிள்ளை உன்கிட்ட குடுத்தாரா?”

“உங்க கண்ணு முன்னாலதானே மாமா பிரிச்சேன்?”

“அப்பறம் ஏன் நிறுத்தாம விட்டான் உங்கப்பன்?”

டேப்பில் கதவு திறந்தது. அதே இளவயசுக் குரல் கேட்டது: “இன்னும் எதுக்கு ஓடுது?”

அவள் அப்பா பதில் சொன்னார்: “நீங்க குச்சியைக் கீழ வைக்கலையே சார்.”

அது ஏழு போட்ட சட்டம். சிம்பல் தட்டின் கடைசி அதிர்வு அடங்குமுன் ஒருமுறை டேப்பை நிறுத்திவிட்டார்கள் என்று முதல் ரெக்கார்டில் பெரிய சண்டை போட்டார். அன்றிலிருந்து, அவர் குச்சியைக் கீழே வைக்கும் வரை டேப் ஓட வேண்டும். அன்றைக்குக் கோபத்தில் குச்சியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டே வெளியே போயிருக்கிறார்.

டேப்பில் மரத்தில் மரம் படும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

படியில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளை உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண் முதலில் மச்சானிடம் போனது, பிறகு ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்கு, பிறகு பெட்டிக்கு.

“மச்சான், எந்த ரெக்கார்டு கேட்டுட்டிருக்கீங்க?”

“மூணாவது,” என்றார் ஏழு.

மாப்பிள்ளை ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். அவள் பொத்தான்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“தாள்ல ஒரு இடம் காலியா இருக்கே மாப்பிள்ளை?”

“நீங்களே எழுதட்டும்னு விட்டேன்.”

“பாட்டு எத்தனையில?”

“நாலுல. சின்னப் பாட்டுங்கதான்.”

ஏழு அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எப்போதும் பார்க்கிற முகம்தான், எதுவும் தெரியவில்லை.

“பதினொண்ணுல எழுதுங்க.”

“அதை இப்ப...” மாப்பிள்ளை நிறுத்தினார். “யாரு வாசிக்கறது?”

“வாசிக்கிற கை இருக்கிறவனா பாத்துப் போடுங்க.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களா மச்சான்?”

“யாரு சொல்லப் போறாங்க?”

மாப்பிள்ளை நம்பவில்லை. பெட்டியின் மேலே இருந்த எழுத்தைத் தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்த்தார். ஏழு அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். வெறும் டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பின்பையிலிருந்து குச்சிகளை எடுத்தார். அவை இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மேசைமேல் வைத்தார்.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.