மாற்றிக் கொடுத்த தட்டு

தையல் கடை லீலா என்றால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சண்டைக்காரி என்று பெயர். பிளவுஸ் கை இறுக்கம் என்று சொல்ல வருகிறவர்கள்கூட என் வாய்க்குப் பயந்து துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட நான் அன்றைக்கு அரசுத் தரப்பு வழக்கறிஞர் பிரசாந்தியின் முன்னால், பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள் சுஷ்மிதா.

அவளை எங்கள் கோயிலுக்கு வருகிற மருதப்பனின் மகன் ஜெய் ஒரு வருஷமாகத் துரத்தினான். பாலிடெக்னிக் வாசலில் நின்றான், அவள் ஏறிய பஸ்ஸில் ஏறினான். கடைசியில் ஒரு கத்தியைப் படம் எடுத்து, எனக்கில்லையென்றால் யாருக்கும் இல்லை என்று எழுதி அனுப்பினான். போலீஸ் பிடித்தது. அவளை நெருங்கவோ பேசவோ கூடாது என்ற நிபந்தனையில் கோர்ட் ஜாமீன் கொடுத்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கேலாங் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பொங்கோலுக்குப் போனோம். புது முகவரியை யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணை நெருங்கிவிட்டதால் சுஷ்மிதாவைத் தயார்ப்படுத்தக் கூப்பிட்டிருந்தார்கள். நான் துணைக்குப் போனவள்தான்.

"நீ ஸ்கிரீனுக்குப் பின்னால உக்காந்து சாட்சி சொல்லலாமான்னு கோர்ட்ல கேட்டிருக்கோம்மா. அவன் மூஞ்சிய நீ பாக்க வேண்டியதில்ல" என்று பிரசாந்தி நிதானமாகச் சொன்னாள். "ஒரு வாலண்டியர் உன் கூடவே இருப்பாங்க. சரி, இதுக்கு நடுவுல அந்தக் குடும்பத்துல யாராவது காண்டாக்ட் பண்ணாங்களா?"

"இல்ல மிஸ்" என்றாள் சுஷ்மிதா.

பிரசாந்தி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வந்தாங்க மிஸ். அவன் அம்மா வந்தாங்க."

சுஷ்மிதா சட்டென்று திரும்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்போதுதான் விளக்கேற்றியிருந்தேன். வாசல் மணி அடித்தது. மருதப்பன் மனைவி வெள்ளித் தட்டோடு நின்றாள். ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, குங்குமம், மல்லிகை, ஒரு பட்டுப்புடவை. "பையன் பண்ணது தப்பு, மன்னிச்சிருங்க" என்று அழுதாள். முகவரி எப்படித் தெரிந்தது என்று அவள் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். என் வாய் எங்கே போனதோ தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் குங்குமத்தோடு வாசலுக்கு வந்தவளை எப்படி விரட்டுவது? வாங்கிக்கொண்டேன். அதோடு விட்டேனா? வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லையே என்று, இரண்டு ஆரஞ்சும் வெற்றிலையும் குங்குமமும் வைத்து நீட்டினேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுஷ்மிதா வீட்டுக்கு வந்தாள். அதற்குள் புடவையைத் தைக்கிற துணிகளுக்கு அடியில் திணித்துவிட்டேன்.

சில நாள் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. நானும் அவளும் வாசலில் நிற்கிறோம், தட்டு எங்கள் நாலு கையிலும் இருக்கிறது. கீழே, "தட்டு மாத்தியாச்சு அத்தை. சுஷ் இனிமே நிச்சயம் ஆன பொண்ணு" என்று எழுதியிருந்தது. நம் வீடுகளில் நிச்சயதார்த்தம் என்றால் வேறென்ன, இரண்டு குடும்பமும் தட்டு மாற்றிக்கொள்வதுதானே. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுநாளே கோயிலில் எல்லாருக்கும் பெரியவரான ரெங்கசாமி கடைக்கு வந்து, "தட்டே மாத்திட்டியாம்லா, அப்புறம் எதுக்குமா கேஸு? வாபஸ் வாங்கிரு" என்றார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பிரசாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மிஸ், இந்தத் தட்டு விஷயம் மட்டும் கோர்ட்டுக்கு வர வேணாம். கேஸ் கெட்டுப் போயிரும். என் பொண்ணு மானம் போயிரும்."

"மறைக்க முடியாது மேடம் லீலா. அந்தப் படம் அவங்க வக்கீல் கையில கண்டிப்பா இருக்கும். காதலிச்சாங்க, நிச்சயமே ஆயிருச்சு, சும்மா சண்டைன்னு சொல்லப் பாப்பாங்க. வாபஸ் வாங்குறதும் உங்க கையில இல்ல. கேஸ் போட்டது பப்ளிக் ப்ராசிக்யூட்டர்." அவள் என் போனை வாங்கிப் பார்த்தாள். "அந்தம்மா தனியாவா வந்தாங்க?"

"தனியாத்தான்."

"அப்ப இத யார் எடுத்தா?"

தட்டைத் தவிர அந்தப் படத்தில் வேறெதையும் நான் பார்த்ததே இல்லை. பிரசாந்தி படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் எங்கள் மாடிப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி தெரிந்தது. யாரோ படியில் உட்கார்ந்துகொண்டு எடுத்திருக்கிறார்கள். சுஷ்மிதா எட்டிப் பார்த்தாள்.

பிரசாந்தி உடனே போனைக் கவிழ்த்து வைத்தாள். "மேடம் லீலா, நீங்களும் இப்ப சாட்சி. ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப் பேசக்கூடாது. கேஸ் முடியிற வரைக்கும் வீட்டுலயும் இதப் பத்திப் பேசக்கூடாது. சுஷ்மிதா, நீ வெளிய உக்காரும்மா."

சுஷ்மிதா எழுந்து கதவுவரை போய் அங்கேயே நின்றாள்.

"லிஃப்ட்டுல தனியா ஏற பயமா இருக்குன்னு நான் டெய்லி படியிலதான் வரேன்மா, உன்கிட்ட சொல்லல" என்றாள். "அன்னைக்கு ஹூடி போட்டுக்கிட்டு ஒருத்தன் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தான். நான் எக்ஸ்கியூஸ் மீன்னு சொன்னேன். கால மடக்கி வழி விட்டான்."

அலுவலக ஊழியர் ஒருவர் வந்து அவளை வெளியே கூட்டிப் போனார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் தாண்டி வந்தபோது அவன் ஒரு கையை நீட்டியிருந்தால்? நான் உள்ளே புடவையை ஒளித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"நான் இப்பவே போலீஸ் ஆபீசர்கிட்ட பேசுறேன்" என்றாள் பிரசாந்தி. "அங்க இருந்தது அவன்தான்னா ஜாமீன ரத்து பண்ணச் சொல்லிக் கேப்போம். ஆனா அந்தத் தட்ட எப்படி வாங்குனீங்க, எப்படித் திருப்பிக் கொடுத்தீங்கன்னு நீங்கதான் கோர்ட்ல சொல்லணும். உங்களுக்கு ஸ்கிரீன் கிடைக்காது. கோயில் ஆளுங்க எல்லாரும் வந்து உக்காந்திருப்பாங்க. அவங்க வக்கீல் உங்களக் கிழிப்பார்."

எனக்குப் பயம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

"கிழிக்கட்டும். என் கையாலதான் மாத்திக் கொடுத்தேன், நானே சொல்றேன்" என்றேன். "மொதல்ல இன்னைக்கு ராத்திரி என் பொண்ணு எங்க படுக்கிறதுன்னு சொல்லுங்க மிஸ்."