மேவிஸ் டாலிவரின் மிகச் சிறந்த டேக்

1

இந்தக் கதை ஒரு கைதட்டலிலிருந்து வந்தது. அமெரிக்காவில், பர்பாங்கில் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்புத் தளம். கட்டிலில் கிடந்த ஒரு பெண்ணுக்கு மாரடைப்பு வந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

(நான் தட்டவில்லை என்று இங்கே ஒரு வரி இருந்தது. உண்மைதான். ஆனால் இது என் நல்ல குணத்தைப் பற்றிய கதை இல்லை. அடித்துவிட்டேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"டாக்டர் தேயர் உள்ளே நுழைந்ததும் அறையில் இருந்த எல்லோருடைய மூச்சும் ஒரு கணம்—"

போதும். இந்த மாதிரி வாக்கியம் எனக்குத் தூக்கத்திலும் வரும். ஆறு வருடமாக ஒரு மருத்துவத் தொடருக்கு எழுதுகிறேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கவனித்தீர்களா, மேவிஸின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் அவருக்கு முன்னால் இவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அந்தத் தொடரின் நாயகன் தேயர் எப்போதும் அப்படித்தான். இந்தக் கதை முழுக்க அவனை "அவன்" என்றே எழுதப்போகிறேன். மரியாதை வேண்டுமானால் வேறு எழுத்தாளரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது தொடக்கம்: மேவிஸ் டாலிவருக்கு அறுபத்தொரு வயது. தொலைக்காட்சியில் அவர் நீதிபதியாக வந்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரியாக வந்திருக்கிறார், பிணமாகப் பலமுறை வந்திருக்கிறார். அவருடைய முகத்தை நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர் ஒருவருக்கும் தெரியாது.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

தொடரின் பெயர் 'இறுதிக் கணிப்பு'. பார்க்காதவர்களுக்குச் சுருக்கம்: வாரம் ஒரு நோயாளி. மற்ற டாக்டர்கள் கையைப் பிசைவார்கள். தேயர் வருவான், நோயாளியை அவமானப்படுத்துவான், நர்ஸை அழவைப்பான், கடைசியில் எதையாவது வெறித்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்துவிடுவான். நோயாளி கண்ணீரோடு நன்றி சொல்வார். அவன் பதில் சொல்லாமல் போய்விடுவான். மக்கள் உருகுவார்கள்.

நான், டெஸ், அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருத்தி. எங்களுக்குத் தலைவர் கில் ஸ்டாடர்ட். அந்த சீசனில் நான் எழுதிய கதையில் மிஸஸ் ப்ரூயிட் என்ற விதவை வலி என்று வருகிறார். தேயர் கிண்டல் செய்து திருப்பி அனுப்புகிறான். அவர் இறந்துபோகிறார். அவ்வளவுதான். அவன் ஒரே ஒரு வாரம் தப்பு செய்யட்டும் என்று நினைத்தேன்.

கில் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டெஸ், நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா முடிவு என்ன இது?"

"அந்தம்மா செத்துப்போறாங்க."

"அது புரியுது. அவன் தப்பா சொல்றானே?"

"ஆமா. டாக்டருங்க தப்பே பண்றதில்லையா?"

"பண்ணுவாங்க. அதைப் பார்க்க எவன் டிவி போடுவான்? அவன் திட்டறதை ஜனங்க ஏன் சகிச்சுக்கறாங்க? கடைசில சரியா சொல்லிடுவான்னுதான். அதையும் புடுங்கிட்டா அவன் யாரு?"

"வெறும் வாய்க்கொழுப்பு புடிச்சவன்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கில்லும் சிரித்தார். பிறகு என் கதையை எடுத்துக்கொண்டு போய் மாற்றி எழுதினார். அவர் எழுதியதில், மிஸஸ் ப்ரூயிட் செத்துப்போன கணவனின் மாத்திரைகளைத் தானே விழுங்கித் தன்னை நோயாளியாக்கிக்கொள்கிறார். கவனிக்க ஆளில்லாத பெண்ணின் நாடகம். தேயர் அதைக் கண்டுபிடிக்கிறான். கட்டிலின் கால்மாட்டில் நின்று சொல்கிறான்: "உங்களுக்கு இருக்கறது வலி இல்லம்மா, தனிமை. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. ஒரு நாய் வாங்கிக்கங்க."

இந்த வசனம் கில்லுடையது. அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

3

மிஸஸ் ப்ரூயிட்டாக நடிக்க மேவிஸ் வந்தார். தேயராக நடிப்பவர் கார்மக் லியரி.

(கார்மக்கைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கியிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஆறு வருடமாக எல்லோரும் வணங்கும் ஒருவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தவர். கோட்டைக் கழற்றிய பிறகும் அந்த நாக்கு கழலவில்லை.)

சாப்பாட்டு இடைவேளையில் மேவிஸ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேவிஸ், சாப்பிடலையா?"

"தாடை இழுக்குது கண்ணு. பல்லாத்தான் இருக்கும். முதுகும் ஒரு மாதிரி இருக்கு. அந்தக் கட்டிலை எவன் செஞ்சான், அவனைத் தூக்கி அதுல படுக்கப் போடணும்."

பிறகு அந்தக் காட்சி. கேமரா ஓடியது. கார்மக் கால்மாட்டில் நின்று நாய் வசனத்தைச் சொன்னார். மேவிஸின் கை கட்டிலின் விளிம்பைப் பிடித்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. வாய் திறந்து, சத்தம் வராமல், மூடியது. முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டே போனது. இயக்குநர் "கட்" என்று சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதும் கைதட்டல்.

"மேவிஸ்! அட்டகாசம்! இதே மாதிரி இன்னொண்ணு போலாமா?" என்றார் இயக்குநர்.

"இது நடிப்பு இல்லப்பா," என்றார் மேவிஸ்.

சிரித்தார்கள். அதையும் வசனம் என்றே நினைத்தார்கள்.

"நடிப்பு இல்லடா. நெஞ்சு."

கார்மக் கடிகாரத்தைப் பார்த்தார். "மேவிஸ், விருதெல்லாம் வேற கட்டடத்துல குடுக்கறாங்க. எந்திரிங்க, எனக்கு அடுத்த சீன் இருக்கு."

(அந்த அறையில் ஒரு டஜன் பேர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. எல்லாம் அசல், நல்ல விலை கொடுத்து வாங்கியவை. எங்களுக்கு ஆலோசனை சொல்லும் நிஜ டாக்டர் அன்று வரவில்லை. வந்திருந்தாலும் மானிட்டரைப் பார்த்துத்தான் தலையாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். இது என் கோபம். ஆதாரமில்லை. இருந்தாலும் இருக்கட்டும்.)

நான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். கில் ஓடிவந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்ன பண்ற? ஆம்புலன்ஸ் உள்ள வந்தா இன்னைக்கு வேலை அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணி குடுத்து உக்கார வை, சரியாயிடும்."

"கில், அவங்க உதட்டைப் பாருங்க. நீலம்!"

"அது மேக்கப் டெஸ்!"

ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் தளத்தின் வாசலை ஒட்டி நிற்க முடியவில்லை. அங்கே எங்கள் ஆம்புலன்ஸ் நின்றது. தொடரில் வருவது, மரமும் பெயின்ட்டும், எஞ்சின் கிடையாது. நான்கு பேர் சேர்ந்து அதைத் தள்ளி நகர்த்தும்வரை அசல் ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தது.

இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் கில் அந்த வரியை நீக்கியிருப்பார். "ரொம்ப ஓவர்" என்பார்.

4

இப்போது எனக்கு ஒரு கஷ்டம். டாக்டர் எஸ்பினோசாவை எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மேவிஸைப் பார்த்தது அவர். நடுத்தர வயதுப் பெண். மேதை இல்லை. அவரைக் கதாபாத்திரமாக்க நான் மூன்று வழியில் முயன்றேன். ஒரு வரைவில் லேசாக நொண்ட வைத்தேன். இன்னொன்றில் அவருக்கு ஒரு குழந்தை இறந்துபோயிருந்தது. மூன்றாவதில் அவர் ரகசியமாகக் குடிப்—

எல்லாவற்றையும் கிழித்தேன். என்ன கேவலம் பாருங்கள். ஒரு மனுஷி ஒழுங்காகத் தன் வேலையைப் பார்த்தார். அதை எழுத எனக்கு அவரை எங்காவது உடைக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொழில் எங்களை அப்படிப் பழக்கியிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் முகமும் மேவிஸின் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன.

"எங்க வலிக்குதும்மா?"

மேவிஸ் சொல்லத் தொடங்கினார். பல், முதுகு, கட்டில், கட்டில் செய்தவன். டாக்டர் நடுவில் பேசவில்லை.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"காலைலேர்ந்துதான். சொன்னேன், நடிக்கறேன்னுட்டாங்க."

"நான் நம்பறேன். கையை இப்படி வைங்க. பயப்படாதீங்க."

இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. உடனே உள்ளே கொண்டுபோய் அடைப்பை நீக்கி, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு கம்பி வலைக் குழாயை வைத்தார்கள். வெளியே வந்து என்னிடம் விவரம் சொன்னபோது டாக்டர் எஸ்பினோசா எதையும் வெறித்துப் பார்க்கவில்லை. "பொழைச்சுக்கிட்டாங்க. உள்ள போய்ப் பாருங்க, ஆனா பேச வைக்காதீங்க," என்றார். அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

நாடகமே இல்லை. இதை எந்தச் சேனலும் வாங்காது.

5

மேவிஸ் வீடு திரும்பிய வாரத்தில் கில் என்னைக் கூப்பிட்டார். எடிட்டிங் அறையிலிருந்து பேசினார்.

"டெஸ், அந்த டேக்கைப் பார்த்தியா? என் வாழ்க்கையில இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. அந்த முகம்!"

"அது மாரடைப்பு கில்."

"தெரியும், தெரியும். பாவம். ஆனா என்ன முகம்!"

"அதைப் போடாதீங்க."

"போடாம? ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்காங்க. எடுத்ததெல்லாம் நம்மளோடது."

அந்தச் செய்தியை மேவிஸிடம் நான்தான் கொண்டுபோனேன். சோபாவில் சாய்ந்திருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினார்.

"நெஞ்சு என்னோடது, படம் அவங்களோடது. சரி. மிச்ச சீனை எப்ப எடுக்கறாங்களாம்?"

"நீங்க போகப்போறீங்களா?"

"போகாம? வருஷத்துக்கு இத்தனை நாள் நடிச்சாத்தான் நடிகர் சங்கத்துல மருத்துவக் காப்பீடு. அந்த ஒரு நாள் வேலை இல்லன்னா இந்த வருஷம் அது போயிடும்டி. நெஞ்சுக்குள்ள வச்சிருக்கானே ஒரு கம்பி, அதுக்கு யாரு குடுப்பா? டாக்டர் தேயரா?"

இந்த இடத்தில் ஒரு நீண்ட பத்தி இருந்தது. காப்பீடு, அமெரிக்கா, மனித உயிர் என்றெல்லாம் எழுதியிருந்தேன். மேவிஸ் சொன்னதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எடுத்துவிட்டேன்.

6

மிச்சம் இருந்தது ஒரே காட்சி. மிஸஸ் ப்ரூயிட் தன் பொய்யை ஒப்புக்கொண்டு வீடு திரும்புகிறார். வசனம்: "நீங்க சொன்னது சரி, டாக்டர். ரொம்ப நன்றி."

மேவிஸ் கட்டிலில் உட்கார்ந்தார். மேக்கப்காரி அவர் கழுத்தைத் துடைத்துவிட்டு நகர்ந்தாள். எல்லோரும் அவரிடம் அன்றைக்கு அசாத்திய அன்போடு நடந்துகொண்டார்கள். கார்மக் பூச்செண்டு கொடுத்திருந்தார். கேமரா ஓடியது.

மேவிஸ் கார்மக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர், என் கால்மாட்டுலயே நிக்கறீங்க. எங்க வலிக்குதுன்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

அதற்குப் பிறகு நடந்ததை மூன்று விதமாக எழுதினேன்.

(அ) கார்மக் கோட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டார். எங்கே வலிக்கிறது என்று மேவிஸ் சொன்னார். இயக்குநர் அழுதார். [பொய். ஆனால் எனக்கு இது பிடித்திருக்கிறது.]

(ஆ) கார்மக் எரிந்துவிழுந்து வெளியேறினார். தொடர் நின்றுபோனது. [பொய். இதுவும் பிடித்திருக்கிறது.]

(இ) நடந்தது. கார்மக்கின் வாய் திறந்தது. கண்கள் அலைந்தன. அத்தனை கூரான நாக்கு, ஆறு வருடம் ஒரு நாளும் தடுமாறாத நாக்கு. அவர் மெதுவாகக் கில் பக்கம் திரும்பினார்.

"இங்க எனக்கு என்ன வசனம்?"

"கட்!" என்றார் கில். "மேவிஸ், வசனத்தை மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்."

மறுபடி எடுத்தார்கள். மேவிஸ் அதே கேள்வியைக் கேட்டார். மறுபடி. அதே கேள்வி, அதே நிதானம். கார்மக் ஒவ்வொரு முறையும் கேமராவுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடத்தைப் பார்த்தார். கடைசியில் கில் கையை உயர்த்தினார்.

"பரவாயில்ல. முதுகுப் பக்கத்துலேர்ந்து எடுத்துக்கலாம்."

கேமராவை மேவிஸின் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் என்ன பேசினாலும் இனி யாருக்கும் தெரியாது. அவர் பேசவில்லை. உட்கார்ந்திருந்தார். எடுத்தார்கள்.

7

அந்த அத்தியாயம் ஒளிபரப்பான மறுநாள் மத்தியானம் மேவிஸின் வீட்டில் இருவரும் அதைப் பார்த்தோம். நாய் வசனம் வந்தது, மாரடைப்பு வந்தது, பின்னணியில் வயலின் வந்தது. பிறகு மேவிஸின் முதுகு. நரைத்த பின்னந்தலை. அந்தத் தலைக்கு முன்னாலிருந்து இனிமையான, இளமையான ஒரு குரல்: "நீங்க சொன்னது சரி, டாக்டர். ரொம்ப நன்றி."

மேவிஸ் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"யாருடி அவ?"

"தெரியல."

"என் வயசு என்ன, அந்தக் குரலைப் பாரு. சனியன், என் வயசுத் தொண்டையா ஒண்ணாவது புடிச்சிருக்கலாம்ல." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் நன்றி சொல்லல டெஸ். யாராவது கேட்டா நீ சொல்லு. நான் சொல்லல."

சொல்லிவிட்டேன். இதற்காகத்தான் இத்தனை பக்கம்.

என் பெயரை அந்த அத்தியாயத்திலிருந்து நீக்கச் சொல்லி, வேலையையும் விட்டேன். கில் வருத்தப்பட்டு ஒரு வைன் பாட்டில் அனுப்பினார். அந்த ஆண்டு கார்மக்கின் பெயர் ஒரு விருதுக்குப் போனது. விழாவில் காட்டிய துண்டு எதுவென்று நீங்களே ஊகிக்கலாம். திரையில் மேவிஸுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்க, கேமரா கார்மக்கின் ஆழமான கண்களை நெருங்கிப் போனது. மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

மேவிஸ் இப்போது நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், போனில் திட்டுகிறார். அவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்கு ஓயாதது வேறு. அவர் கேட்ட கேள்விக்குத் தேயருக்கு ஒரு பதில் எழுத முயன்றுகொண்டே இருக்கிறேன். எழுதுவதெல்லாம் கெட்டிக்காரத்தனமாக வருகிறது. மன்னிப்புக் கேட்க வைத்தால் அந்த மன்னிப்பிலும் அவன் ஜொலிக்கிறான். அழவைத்தால் அழுகையிலும் அவன்தான் நாயகன். மேவிஸ் மறுபடி அவனுக்கு முன்னால் ஒரு பின்னந்தலை ஆகிவிடுகிறார். அவனைத் தவிர வேறு யாரையும் மையத்தில் வைக்க என் கைக்குத் தெரியவில்லை.

உங்கள் கைக்குத் தெரியலாம். நீங்கள் யாராவது ஒரு நாள் அந்த மாதிரிக் கட்டிலில் படுத்திருப்பீர்கள், அல்லது கால்மாட்டில் நின்றிருப்பீர்கள். இடம் விட்டிருக்கிறேன். இரண்டே நிபந்தனை: புத்திசாலித்தனமாக இருக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மேவிஸ்: எங்க வலிக்குதுன்னு ஒரு தடவை கேட்டீங்களா?

தேயர்: