முகாமிலிருந்து வந்த முதல் மூட்டை

படைமுகாம் லாரி பதினோரு பைகளைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது சலவைக்காரருக்குக் கை பரபரத்தது. பத்தொன்பது வருடம் கழித்து வருகிற துணி. மாடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். ஏழு மாதக் கர்ப்பம் அவளுக்கு. எல்லையில் இருக்க வேண்டாம், கிளம்பி வா என்று மாப்பிள்ளை தலைநகரிலிருந்து தினமும் போன் போடுகிறார். அப்பாதான் இழுத்துப் பிடித்து வைத்திருந்தார். மனைவி போன பிறகு பேச்சுத் துணை இல்லாமல் கிடந்த வீடு அது.

"முதல் மூட்டை வரட்டும்மா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஒரு வாரமாகத் தவணை சொல்லிக்கொண்டிருந்தார்.

அழுக்கு மூட்டையில் அப்படி என்ன தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது அந்த ஊரில் நிஜம். ஆற்றுக்கு அப்பால் எதிரி நாடு நிறுத்தியிருந்த டாங்கிகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட். அதற்குப் பயந்துதான் நம்மவர்கள் தூர தேசத்து வல்லரசோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் படையை இக்கரையில் கொண்டுவந்து குந்த வைத்தார்கள். நம் மேல் கை வைத்தால் அவர்கள் மேலும் வைத்த மாதிரி, எனவே அக்கரைக்காரன் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பான் என்று கணக்கு. மந்திரிகள் மேடையில் என்ன முழங்கினாலும், ஊர் நம்பியது சலவைக் கடைக் கொடியில் காயும் குழந்தைச் சட்டைகளைத்தான். சிப்பாய் சம்பளத்துக்குச் சாக வந்தவன். பெற்ற பிள்ளையை எவன் சாகிற இடத்தில் கொண்டுவந்து வைப்பான்?

அது ஒரு காலம். படைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பின்பக்கத்துக் கொடியில் பூப்போட்ட கவுன்களும் உள்ளங்கை அகலச் சட்டைகளும் ஆடும். அவற்றை மட்டும் சலவைக்காரரைத் தொட விடமாட்டாள் அவர் மனைவி. "உங்க முரட்டுக் கைக்கு அது தாங்காது" என்பாள். சுருட்டைமுடிக்காரி ஒருத்தி, அதிகாரி மனைவி, பாஷை தெரியாமலே இவளோடு மணிக்கணக்கில் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் பையனும் இவர் மகளும் துணிக்கூடையில் உட்கார்ந்து படகு விடுவார்கள்.

ஒரு மத்தியானம் அந்தப் பெண்கள் மொத்தமாக வந்து, காயாத துணியைக்கூட அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சுருட்டைமுடிக்காரி இவர் மனைவியின் கையை ஒரு தரம் இறுகப் பிடித்துவிட்டுப் போனாள். எல்லாம் சுமுகம் என்றது ரேடியோ. வெறுங்கொடியைப் பார்த்த ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. மூன்றாம் நாள் குண்டு விழுந்தது. சண்டை ஓய்ந்த மறு வருடம் படையும் போய்விட்டது. போன மாதம்தான் திரும்பி வந்திருக்கிறது.

சலவைக்காரர் பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். சீருடை, துண்டு, பனியன், மறுபடி சீருடை. மகள் மெல்ல இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இருக்காப்பா?"

"இன்னும் ரெண்டு பை இருக்கு, இரு."

"இருக்குன்னு நீங்க சொல்லுங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். அவளுக்கும் போக மனமில்லை.

மெஷினில் போடும் முன் பாக்கெட்டுகளைத் தடவிப் பார்ப்பது தொழில் பழக்கம். கடைசிப் பையில் ஒரு சட்டையின் மார்புப் பாக்கெட்டில் விரலுக்கு மெத்தென்று ஏதோ பட்டது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு குழந்தையின் காலுறை. ஒற்றை. மடிப்பெல்லாம் நைந்திருந்தது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்கிறவன் இதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிய மாட்டான்.

இதோ பாரும்மா என்று தூக்கிக் காட்டினால் போதும், அவள் இருந்துவிடுவாள். பேரக்குழந்தை இந்த வீட்டில் தவழும். மகளுக்கு முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையின் நம்பரை ஒரு கவரில் எழுதி, உறையோடு உள்ளே போட்டு அலமாரியில் வைத்தார்.

"மாப்பிள்ளைக்குப் போன் போடும்மா. நாளைக்கே வண்டியோட வரச் சொல்லு."

மகள் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். அவள் பேசுவது காதில் விழாமலிருக்க, அவர் மூன்று மெஷின்களையும் ஒன்றாக ஓட விட்டார்.