பின்னே?

கச்சேரி ரோட்டில் குலாம் முகம்மதுவின் அத்தர் கடையில், பேராசிரியர் அய்யாதுரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேடையில் என்றால் முழு நாற்காலியும் அவருக்குப் போதாது. கல்லூரியில் பட்டப்படிப்பைத் தமிழிலேயே நடத்துவது என்று அரசாங்கம் முடிவெடுத்ததிலிருந்து, மயிலாப்பூரில் எங்கே மைக் கட்டினாலும் அதன் முன்னால் அவர்தான் நின்றார். பொருளாதாரத்துக்குக் கலைச்சொல் கண்டுபிடிக்கும் குழுவிலும் அவர் இருந்தார். "தாய்ப்பாலுக்குப் புட்டிப்பால் ஈடாகுமா?" என்று கேட்டாரானால் கைதட்டல் அடங்க நேரமாகும். தட்டியவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளைப் புட்டிப்பாலிலேயே சேர்த்தார்கள்.

விளைவு, அவர் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியில் தமிழ்வழி பி.ஏ. வகுப்புக்கு ஓர் ஆள் குறைந்தது. அந்த ஓர் ஆள் வராவிட்டால் வகுப்பையே மூடிவிடச் சொல்லி உத்தரவு. அப்புறம் குழுவில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? ஆகவேதான் குலாமின் மகள் சகினாவைப் பிடிக்க வந்திருந்தார். தமிழ்ப் பள்ளியில் முதலாவதாகத் தேறியவள்; ஆங்கிலப் பிரிவில் இடமும் கிடைத்திருந்தது.

"வூட்ல உருது, கடைல தமிழு. இங்கிலீஷு இருந்தாத்தான் பேங்க்ல வேலைன்றாங்க. நீங்க இன்னா சார் சொல்றீங்க?"

"இனிமே வேலையெல்லாம் தமிழ்லதான் பாய். காலம் மாறிட்டுது."

உள்ளே திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. குலாம் அத்தர் தோய்த்த பஞ்சை அவரிடம் நீட்டினார்.

"உங்க பொண்ணும் இந்த வருசம் அங்கதான் சேருதாமே. பேரு இன்னா சார்?"

"சண்முகவடிவு."

"அதுவும் இதே கிளாசுதானே?"

அய்யாதுரை பஞ்சைக் காதில் செருகிக்கொண்டார்.

"பின்னே?"

குலாமுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பால இன்னா யோசனை! சகினா, சார் பொண்ணு பக்கத்துலயே குந்திக்கோம்மா."

திரும்பி நடக்கும்போது அய்யாதுரை அந்தச் சொல்லை இலக்கணப்படி ஆராய்ந்தார். அது பொய்யில்லை. பதில்கூட இல்லை, கேள்வி. கேள்வி கேட்டதற்காக உலகத்தில் யாரும் தலைகுனிந்ததில்லை. தெப்பக்குளத்தைத் தாண்டுவதற்குள் தீர்ப்பு எழுதி, தம்மை விடுதலையும் செய்துவிட்டார். அத்தர் வாசனை மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

"என்ன இது, மாப்பிள்ளை கணக்கா மணக்கீக?" என்றாள் மனைவி முத்துலட்சுமி.

அவர் செருப்பைக் கழற்றியபடியே, "வடிவையும் தமிழ்லயே மாத்திப் போட்டா என்ன?" என்று கேட்டுப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் தமிழ் குடுங்க, நான் வேண்டாங்கல. எம் புள்ள கழுத்துல மைக்கைக் கட்டாதீக."

அவள் மறுப்பாள் என்று தெரிந்தேதான் கேட்டார். மறுத்ததும் மனசு லேசாகிவிட்டது. அப்படி லேசானதுதான் அவருக்கே அசிங்கமாக இருந்தது. காதுப் பஞ்சை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தார்.

வகுப்பு தொடங்கிய நாள் சகினா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் ஒரு கைக்குட்டையை விரித்திருந்தாள். உட்கார வந்த பெண்ணிடம், "ஆள் வருது" என்றாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"சார், வடிவு இன்னும் வரலியே? எடம் போட்டு வச்சிருக்கேன்."

"உட்காரும்மா" என்றார். அதுவும் பொய்யில்லை.

இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஆங்கிலப் பிரிவில் வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது.

"சண்முகவடிவு!"

"பிரசன்ட் மிஸ்!"

மேடையில் அவர் பேசுவதைப்போலவே கணீரென்ற குரல்.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சகினா சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தாள்; அவரைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அவள் கேட்டுவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சாக்கட்டியை எடுத்தார். மூன்று வருஷமாகத் தேடித்தேடிச் சேர்த்த கலைச்சொற்களில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வகுப்பு முழுவதும் அத்தர் மணத்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கைக்குட்டை இன்னும் அங்கேதான் கிடந்தது. ஒரு முனை மட்டும் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது.