மடித்துக் கொடுத்த சீட்டு

மூன்று வாரமாக வாத்தியார் குழிக்குள் கிடக்கிறார். தினமும் எனக்கு போன் வேறு.

"தம்பி, நான் செத்துட்டேனா, உசிரோட இருக்கேனா? அதையாவது சொல்லித் தொலையேன்."

நிஜ வாத்தியாருக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறார். குழிக்குள் கிடப்பது விளையாட்டில் அவர் ஏற்றிருக்கும் மாவீரன். ஞாயிறு மதியம் என் அக்காவின் மருந்துக்கடை பூட்டியிருக்கும். மாடி அறையில் அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். கதையை நடத்துவது நான். 'எதிரே குகை, உள்ளே அரக்கன், என்ன செய்யப் போறீங்க?' என்று கேட்பேன். மற்ற மூவரும் அவரவர் பாத்திரமாகப் பதில் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அக்கா மருத்துவச்சி. அவள் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், திருடன். பஸ் ஓட்டுகிறவர், மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே பிரேக் போடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டு உடைப்பார்.

ஆறு நாள் அடுத்தவர் வீட்டு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவன் நான். மூன்று வருடமாக அந்த மேசைதான் எனக்கு இருக்கும் ஒரே சந்தோஷம். அதைத்தான் நானே கெடுத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். குகைச் சண்டையில் அத்தானின் திருடனுக்குத் தோளில் அம்பு பாய்ந்தது. வாத்தியார் குழிக்குள் விழுந்து உயிருக்கு ஊசலாடினார். "கடைசிக் குப்பி மருந்து இருக்குல்ல, அதை வாத்தியாருக்கு ஊத்துறேன்" என்றாள் அக்கா.

"பையில கை விடுற. காலியா இருக்கு" என்றேன் நான்.

"காலியா? நான் எண்ணி வச்சிருக்கேன்டா."

அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முந்தின வாரமே என்னிடம் ஒரு சீட்டை மடித்துக் கொடுத்திருந்தார். மருத்துவச்சி தூங்கும்போது குப்பியைத் திருடுவதாக எழுதியிருந்தது. நானும் கமுக்கமாகத் தலையாட்டியிருந்தேன்.

"என் மேல என்ன தப்பு? என் பாத்திரம் திருடன். வேற என்ன செய்வான்?" என்றார் அத்தான்.

அக்கா தன் மருத்துவச்சியின் விவரம் எழுதிய தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். அதோடு மூன்று ஞாயிறு போச்சு.

வீட்டில் சண்டை இருந்தாலாவது புரியும். அதுவும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சேர்ந்து டிவி பார்க்கிறார்கள். மாடி என்று பேச்செடுத்தால் மட்டும் அக்கா முகம் இறுகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை நேரே கடைக்குப் போய் நின்றேன்.

"விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கத் தெரியாதா உனக்கு? சின்னக் குழந்தையா நீ?"

அக்கா மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "திருடன் திருடினதுக்கு எனக்கு ஒண்ணுமில்லடா. உனக்கு முன்னாடியே தெரியும். அவருக்கும் தெரியும். ஒரு வாரம் ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சுட்டு இருந்திருக்கீங்க. என்னை முட்டாளாக்கிட்டீங்க. அதுதான் வலிக்குது."

தலையாட்டியது நான்தானே? இவ்வளவு நாளும் அவர்கள் இருவரையும் அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

"தப்பு என்னோடதுதான்க்கா. ஒரே ஒரு தடவை வா. சரிப்படலைன்னா நானே மேசையைத் தூக்கிப் போட்டுடுறேன்."

அந்த ஞாயிறு வந்தாள். கைப்பையை மடியை விட்டு இறக்காமல், எந்த நேரமும் எழுந்து போகிறவளாக உட்கார்ந்தாள். நான் அந்தச் சீட்டைப் பிரித்து மேசை நடுவில் வைத்தேன்.

"இனிமே ரகசியச் சீட்டு கிடையாது. ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஏதாவது செய்யணும்னா வாய்விட்டுச் சொல்லணும். அது எப்படி முடியணும்னு, யாருக்குச் செய்யறாங்களோ அவங்கதான் சொல்லுவாங்க. இப்ப திருட்டு நடந்த இடத்துக்குத் திரும்பப் போறோம். வாத்தியார் விழுந்தது மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"என்னை மட்டும் ஏன்யா விட்டுட்டீங்க?" என்றார் வாத்தியார்.

அத்தான் சீட்டைக் கையில் எடுத்தார். "மருத்துவச்சி தூங்கும்போது... அவ பையில இருந்து... கடைசிக் குப்பிய எடுக்குறேன்." படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அவ தூங்கல. கையப் பிடிச்சுட்டா" என்றாள் அக்கா. "எதுக்குடா திருடுற?"

வீட்டில் 'என்னங்க' என்பவள், மேசையில் மட்டும் திருடனை 'டா' போடுவாள். அத்தான் பகடையை மேசையில் போடாமல் கைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷமா எல்லாருக்கும் ஊத்தி முடிச்சுட்டு கடைசியாத்தான் எனக்கு வருவ. பாதி நாள் மருந்தே மிஞ்சாது. என்னதான் இருந்தாலும் மனசு கேக்கலை."

இதைச் சொன்னது திருடனா அத்தானா என்று யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு முகமே மாறிவிட்டது.

"ஐயோ, நீங்க எப்படியும் சமாளிச்சுடுவீங்கன்னு இருந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றவள், உடனே மருத்துவச்சியாகி நிமிர்ந்தாள். "குப்பி உன்கிட்டயே இருக்கட்டும்டா. அது உனக்குத்தான். நானே குடுத்தேன்னு வச்சுக்கோ."

நான் கதையைக் குழிக்கரைக்குக் கொண்டுவந்தேன். "அத்தான், தோள்ல அம்பு இருக்கு, ரத்தம் போயிட்டே இருக்கு. கீழ வாத்தியார் மூச்சு இழுத்துட்டு இருக்கார். குப்பி ஒண்ணுதான். என்ன செய்யறீங்க?"

"கயித்தக் கட்டிக் குழிக்குள்ள இறங்கி வாத்தியார் வாயில ஊத்துறேன்" என்றார் அத்தான் சட்டென்று.

"முழுசும் ஊத்திட்டீங்களா? அப்ப உங்களுக்கு?" அக்கா பதறினாள்.

"எனக்கென்ன? நீ இருக்கியே."

அக்கா கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்து, மடிப்பு போகும்வரை உள்ளங்கையால் தேய்த்தாள். "முதல்ல அந்த அம்பைப் பிடுங்குறேன். தோளைக் காட்டு" என்று பகடையை எடுத்தாள்.

"மூணு வாரம்!" என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றார் வாத்தியார். "முதுகே போச்சுய்யா எனக்கு!"