பிடு என்றான் அண்ணன்

மணிலாவுக்கு நூறு மீட்டரில் இரண்டு பெண்களைத்தான் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக வந்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் அந்த ஓட்டம் பெங்களூரில் நடந்தது. ஐம்பத்து நாலாம் வருஷம், மாசி மாதம். நான் சூளகிரிக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஓசூரில் படித்தபோது டிரில் டீச்சர் சரோஜம்மாள்தான் என்னை ஊர் ஊராக ஓட்டத்துக்குக் கூட்டிப் போவார். பெங்களூருக்கும் அவரே கூட வந்தார். காலையில் நடந்த முதல் ஓட்டத்தில் ஐரீன் என்ற பெங்களூர்ப் பெண்ணை முந்தினேன். அவள் ஆணி வைத்த பூட்ஸ் போட்டிருந்தாள். நான் வெறுங்கால். டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சம்பங்கி, சாயங்காலமும் இதே மாதிரி ஓடு. அது போதும். புதுசா ஒண்ணும் பண்ணாத."

நான் புதுசாக ஒன்றும் பண்ணவில்லை. மத்தியானத்துக்கு மேல் புளி லாரி வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் புளியை மண்டியில் இறக்கிவிட்டு, காலி லாரியோடு நேரே மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் சென்னப்பன், அண்ணி மங்கம்மா, பக்கத்து நிலத்து வெள்ளையம்மா, இன்னும் லாரி நிறைய ஆட்கள். எல்லாரும் மூங்கில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மே, என்னா இது, இம்மாந்துண்டு நிஜாரு போட்டுக்கினு நிக்கிற?" என்று வெள்ளையம்மா கத்தினாள்.

"புடவ கட்டிக்கினு ஓடுனா நீ கூடவே வந்து கொசுவத்த புடிப்பியாக்கா?"

"நான் எதுக்கு புடிக்கிறேன்? உங்கண்ணனுக்குத்தான் கயிறு புடிச்சுப் பழக்கம்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஓட்டப் பாதையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க இருந்து விடுவாங்க பாப்பா?"

"அதோ, அந்தச் சுண்ணாம்புக் கோட்டுல இருந்து."

"தெரு அகலமாத்தான் இருக்குது. கல்லு கில்லு ஒண்ணுமில்ல. நீ போ, நான் பாத்துக்குறேன்."

எதைப் பார்த்துக்கொள்வான் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் எருது விடும் விழா உண்டு. காளையை வாடியில் நிறுத்தி, கயிறு போட்டுப் பிடித்திருப்பார்கள். எதிரே நீளத் தெரு. மாட்டுக்காரன் தன் வாயால் 'பிடு' என்று சொன்னால்தான் கயிற்றை விடுவார்கள். ஊர்த் தலைவர் சொன்னாலும் விடமாட்டார்கள். பிடு என்றால் கன்னடத்தில் விடு. நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் மாட்டுக்கு மட்டும் பிடுதான். அண்ணனின் காளைக்கு வற்றிய ஏரிக்குள் ஓட்டம் பழக்கும்போது பக்கத்தில் யாராவது ஓடினால்தான் அது ஓடும். அப்படி ஓடியவள் நான். பாவாடை கட்டிய நாளிலிருந்து அண்ணன் பிடு என்பான், காளையும் நானும் கிளம்புவோம். நான் ஓடக் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

கடைசி ஓட்டத்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது காலை ஊன்றி உந்த, கொத்தனார் கரண்டியால் மண்ணில் குழி வெட்டி, கால் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஓட்டம் விடுகிறவர் பெங்களூர்க்காரர், வெள்ளைக் கால்சட்டை, கையில் துப்பாக்கி. "ஆன் யுவர் மார்க்ஸ்" என்றார். குனிந்தோம். "செட்" என்றார். இடுப்பைத் தூக்கினோம். மைதானமே அமைதியாக இருந்தது.

"பிடு!"

நான் போய்விட்டேன். என் கால் போய்விட்டது. ஏழெட்டு அடி ஓடிய பிறகுதான் துப்பாக்கி வெடிக்கவே இல்லை என்பது தெரிந்தது. மற்ற ஐந்து பேரும் குனிந்தபடியே இருந்தார்கள். வேலிப் பக்கம் திரும்பினேன். அண்ணன் ஒரு கையை மேலே தூக்கியபடி நின்றிருந்தான், வாடியில் நிற்பதைப் போலவே.

"யாரப்பா கூகித்து?" கத்தியது யாரென்று துப்பாக்கிக்காரர் கன்னடத்தில் கோபமாகக் கேட்டார்.

"நான்தான் சாமி, கூப்புட்டது நான்தான்" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான். "எங்க ஊட்டுப் பொண்ணு."

டீச்சர் வேலிக்கு ஓடினார். அவர் திருச்சிக்காரர். "பிடின்னு கத்துனீங்களே, யாரைப் பிடிக்கச் சொல்றீங்க?"

"பிடி இல்லீங்கம்மா, பிடு. நான் சொல்லாம அது எப்பிடி ஓடும்?"

"அதுக்குத்தான் துப்பாக்கி வச்சிருக்காங்க!"

"துப்பாக்கி அவங்க வச்சிருக்காங்க. பொண்ணு நம்ம பொண்ணாச்சே?"

எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொரு தடவை முந்திக் கிளம்பினால் வெளியே. டீச்சர் அண்ணனிடம் கைகூப்பி, வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். அண்ணி தன் முந்தானையைச் சுருட்டி அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் அதை வாயில் அழுத்திக்கொண்டான்.

மறுபடியும் குழியில் கால் வைத்தேன். மறுபடியும் "செட்". இந்த முறை என் காது துப்பாக்கிப் பக்கம் இல்லை. வேலிப் பக்கம் இருந்தது. கத்திவிடுவானோ, கத்திவிடுவானோ என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வெடித்தது. வெடித்தது துப்பாக்கிதானா என்று நான் நினைத்து முடிப்பதற்குள் ஐந்து முதுகுகள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன.

ஓடினேன். மூன்று பேரைப் பிடித்தேன். ஐரீனின் தோள் வரைக்கும் வந்தேன். அதற்குள் கோடு வந்துவிட்டது. ஐரீன் இரண்டாவது. நான் மூன்றாவது.

வெள்ளையம்மா வேலியைத் தாண்டி வந்து எனக்குத் திருஷ்டி கழித்தாள். "மூணாவது வந்துட்டியேடி! உனக்குப் பின்னால மூணு பேரு வந்தாளுங்க, பாத்தியா?"

"பாத்தேன்க்கா, முன்னால போன ரெண்டு பேரத்தான் கூட்டிக்கினு போவாங்க."

"எங்க?"

"மணிலாவுக்கு."

"அது எங்க இருக்குது, மைசூருக்கு அந்தாண்டயா?"

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அண்ணன் மட்டும் துப்பாக்கிக்காரர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான். "சாமி, தப்பு என்னுது. இன்னொரு சுத்து விடுங்க. மாடு மெரண்டு போனா நாங்க திரும்பவும் விடுவோம் சாமி, அது முறை." அவர், இது எருது இல்லையப்பா, பெண் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மணிலா போகிற இரண்டு பேரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். டீச்சர் என் பையை எடுத்து மடித்து வைத்தார். மடிக்க அதில் ஒன்றுமே இல்லை.

நான் கரண்டியை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனேன்.

"ண்ணா, இங்க வா."

வந்தான். துப்பாக்கிக்காரர் பின்னால் கத்திக் கத்தி அவன் குரல் போயிருந்தது. "என்னா பாப்பா?"

"சொல்லு."

"என்னாத்த?"

"மொதல்ல என்னா சொன்னியோ அத."

"வேணாம் பாப்பா. இனிமே அந்தப் பேச்சே வேணாம்."

"நீ சொல்லலன்னா நான் லாரி ஏற மாட்டேன்."

மைதானத்து ஆட்கள் கொடிக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். குழியில் கால் வைத்துக் குனிந்தேன். அண்ணன் கையைத் தூக்கினான்.

"பிடு" என்றான். யாரிடமோ கெஞ்சுவது போல் இருந்தது.

ஓடினேன். ஏரிக்குள் ஓடியது போல, காலையில் ஓடியதைவிடவும் நன்றாக ஓடினேன். அது எனக்கே தெரிந்தது. சோடா குடித்துக்கொண்டிருந்த ஐரீன் பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாள். முடிவுக் கோட்டில் நாடா இல்லை, அதைச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். கடிகாரம் பிடித்தவர்களும் இல்லை.

அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "பாத்தியா பாப்பா? உம் பின்னால எவ வருவா? ஒருத்தி வருவாளா?"

"ஒருத்தியும் வரலண்ணா. ஒருத்தியும் ஓடல."

ரோட்டில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றான். நான் அவனை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.