கிதிர்பூரில் ஐந்து மதராஸ் வாத்துகள்

காமு அந்தப் பொய்யைச் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. சொன்ன அன்று அது சின்னப் பொய்யாகத்தான் இருந்தது.

அவள் கணவர் சுந்தரேச முதலியாருக்கு ரயில் கம்பெனியின் கார்டன் ரீச் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். வேலூரிலிருந்து கல்கத்தா வந்தவர்கள், கிதிர்பூரில் கால்வாய்க் கரையோரம் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார்கள். மாடியில் வீட்டுக்காரர் ஹரிபத சக்ரவர்த்தி. குடியிருப்பவர்களுக்கு அவர் கர்த்தாபாபு, வீட்டு எஜமானர். அலிப்பூர் கோர்ட்டில் முப்பது வருஷம் பேஷ்காராக, ஜட்ஜின் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள். இரண்டு கண்ணிலும் புரை. எதிரே ஆள் நின்றால் நிழல் தெரியும், மூக்கும் முழியும் தெரியாது. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் சரோஜபாலா இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவருவாள். வாசல் பக்கத்துப் படியில் ஏறி, அப்படியே இறங்கிப் போய்விடுவாள். கொல்லைப்பக்கம் அவளுக்கு வேலையில்லை.

வந்த வருஷமே காமுவுக்கு விஷஜுரம் கண்டது. பிழைத்து எழுந்தவளை டாக்டர் தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொன்னார். தெருவில் கிடைத்ததெல்லாம் வாத்து முட்டை. அதை உடைத்தாலே அவளுக்குக் குடலைப் புரட்டியது. சரி, நாமே கோழி வளர்க்கலாம் என்றால், ஹரிபத பாபு குடிவரும் அன்றைக்கே கறாராகச் சொல்லியிருந்தார்: மீன் சமைக்கலாம், வாத்து வளர்க்கலாம், கோழி மட்டும் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வங்காளத்துப் பிராமணர் வீட்டில் மீனும் வாத்தும் ஆகும், கோழி தீட்டு.

காமு சந்தையில் ஐந்து பெட்டைகளை வாங்கி, கூடையில் துணி போட்டு மூடிக் கொல்லைக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் மாடியிலிருந்து ஹரிபத பாபு கீழே என்ன சத்தம் என்று கேட்டார். சந்தையில் கற்ற அரைகுறை வங்காளத்தில் வாத்து என்றாள் அவள். வாத்து இப்படியா கத்தும் என்று அவர் சந்தேகப்பட்டார்.

"மதராஸ் வாத்து, கர்த்தாபாபு. அது இப்படித்தான் பேசும்."

மதராஸ் மனிதர்கள் பேசுவதே அவருக்குப் புரிந்ததில்லை. வாத்துக்கும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

விடாதவர் சுந்தரேசன். ஆபீசுக்குப் பத்து நிமிஷம் தாமதமானால், டிராம் வரவில்லை என்று சொல்லத் தெரியாமல், தூங்கிவிட்டேன் என்று துரையிடமே சொல்லித் திட்டு வாங்குகிறவர் அவர். படியில் வீட்டுக்காரரின் கைத்தடிச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். என்றைக்காவது ஒருநாள் நானே உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று வாரம் ஒருமுறை மனைவியை எச்சரிப்பார். சொல்லுங்கள், டாக்டருக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள் என்பாள் அவள்.

அந்த மார்கழியில் கல்கத்தாவில் மழை பிடித்துக்கொண்டது. காய்ந்த பனிக்காலத்துக்குப் பேர்போன ஊரில், நான்கு நாளாக வாடைக்காற்றும் மழையுமாக நின்று அடித்தது. காமு கூண்டை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தாள். பிறகு எட்டு செங்கல். நனைந்த வைக்கோலை எடுத்துவிட்டு அடுப்புச் சாம்பலைக் கொட்டினாள். தவிட்டில் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டாள். கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டு, பந்துபோல் உப்பி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றில் செவலைக் கோழி தும்ம ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் அமாவாசை. சுந்தரேசன் ஆபீசுக்குப் போன சற்று நேரத்தில் ஹூக்ளி நதியில் நீர் ஏறி, கால்வாய் எதிர்த்துக்கொண்டு வந்தது. காமு உலையை இறக்குவதற்குள் சமையலறையில் கணுக்கால் தண்ணீர். பாத்திரத்தைப் பரண்மேல் ஏற்றுவதற்குள் முழங்கால். மேலிருந்து ஹரிபத பாபு, சாமானைப் போட்டுவிட்டு மேலே வரும்படி கத்தினார்.

அவள் கொல்லைக்கு ஓடினாள். கூண்டு சாய்ந்து கதவு திறந்துகொள்ள, ஐந்தும் அதன் கூரைமேல் ஒற்றைக்காலில் நின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு படியேறினாள். சொட்டச் சொட்ட அவள் உள்ளே வந்ததும், ஹரிபத பாபு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"வாத்தையா மா தூக்கிட்டு வந்தே? ஊரே மூழ்கும்போது கவலையில்லாம இருக்கிற ஜீவன் அது ஒண்ணுதானே?"

காமு கூடையை இறக்கி வைத்தாள். பிறகு வாய் தானாகச் சொல்லிற்று:

"எங்க ஊர்ப் பாலாத்துல தண்ணியே இருக்காது, கர்த்தாபாபு. அதுங்க நீச்சல் கத்துக்கவே இல்லை."

அவர் நீண்ட நேரம் யோசித்தார். பரிதாபம் என்றார்.

கும்மட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டினாள். அவருக்கும் சளிக் காய்ச்சல். கட்டிலில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான்கு கோழிகள் கணப்பருகே இறகை உலர்த்தின. கருப்பி மட்டும் ஒரே தாவலில் கட்டிலில் ஏறி, ரஜாய்க்குள் அவர் வயிற்றோடு புகுந்துகொண்டது. காமு பாய்ந்து எடுக்கப் போனாள். இருக்கட்டும், சூடாக இருக்கிறது என்றார் அவர்.

அவர் கை அதன் முதுகைத் தடவியது. கழுத்துக்குப் போயிற்று. கொண்டையில் சற்று நின்றது. அலகை இரண்டு விரலால் பிடித்து, நுனிவரை வந்தது. பிறகு ரஜாய்க்குள் இறங்கிக் காலைத் தேடி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தது. காமு பார்த்துக்கொண்டே நின்றாள். கண் தெரியாத மனிதரை ஆறு மாதமாக ஏமாற்றியது அப்போதுதான் அவளுக்கு நன்றாக உறைத்தது.

"கர்த்தாபாபு, நான் ஒண்ணு சொல்லணும். இது வந்து..."

அவர் கையை உயர்த்தினார். "நான் முப்பது வருஷம் கோர்ட்டில் இருந்தவன் மா. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ற சாட்சி கேஸைக் கெடுத்துடும். உன்னை யாரும் ஒண்ணும் கேட்கலை. கரி போடு."

காமு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரி போட்டாள்.

விடியற்காலை ரஜாய்க்குள் ஒரு முட்டை கிடந்தது. முட்டை நின்ற பிறகு அதுதான் முதல் முட்டை. அவர் அதைச் சூடு ஆறும்வரை கண்ணிமைமேல் வைத்திருந்துவிட்டு, டாக்டர் சொன்னது உனக்குத்தானே என்று அவளிடம் நீட்டினார்.

மழை விட்டது. சரோஜபாலா தூக்குப் பாத்திரத்தோடு ஒரு டிங்கிப் படகில் வந்து படியேறினாள். அறைக்குள் கால் வைத்தவள், தகப்பனாரின் கட்டிலைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

"அப்பா, உங்க படுக்கையில கோழி."

"மதராஸ் வாத்து" என்றார் ஹரிபத பாபு.

அவள் காமுவைப் பார்த்தாள். காமு கும்மட்டியைப் பார்த்தாள். மூக்கு கூராக இருக்கிறதே, வாத்துக்குத் தட்டையாக அல்லவா இருக்கும் என்று மகள் வாதாடினாள். நீ மதராஸுக்குப் போயிருக்கிறாயா என்று தகப்பனார் கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டாள். காலில் ஜவ்வு இல்லையே என்றாள்.

"அந்த ஊர் ஆத்துல தண்ணி கிடையாது. ஜவ்வு எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து சுந்தரேசன் வந்து சேர்ந்தார். இரவு முழுக்க ஆபீஸ் மேஜைமேல் படுத்திருந்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்திருந்தார். வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார்: மனைவி உயிரோடிருந்தால் போதும், முதல் காரியமாக வீட்டுக்காரர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது.

ஹரிபத பாபு குரல் கொடுத்தார். "இதோ ரயில் பாபு வந்துட்டார். இவர் பொய் சொல்ல மாட்டார்னு கிதிர்பூர் பூரா தெரியும். முதலியார் மொஷாய், என் மகள் கேட்கிறாள். இது என்ன?"

சுந்தரேசன் கருப்பியைப் பார்த்தார். ரஜாய்க்கு வெளியே தலையை நீட்டி, அதுவும் அவரைப் பார்த்தது. காமுவின் ஈரப் புடவையையும், அவள் நிற்கிற நிற்பையும் பார்த்தார். வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"வாத்து" என்றார்.

சரோஜபாலா சோற்றைப் பரிமாறி வைத்துவிட்டுப் படகேறிப் போனாள்.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. செவலை பிழைக்கவில்லை. மிளகும் மஞ்சளும் குழைத்து ஊட்டிப் பார்த்தும், மூச்சு இழுத்து இழுத்து காமுவின் மடியிலேயே அடங்கிவிட்டது. அவள் அழுதாள். கொய்யா மரத்தடியில் புதைக்கும்படி ஹரிபத பாபு சொன்னார். மற்ற நான்கையும் இனிமேல் மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம், துளசி மாடத்துப் பக்கம் மட்டும் விடாதே என்றார்.

சுந்தரேசனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய் அது. ஞாயிற்றுக்கிழமை குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் முன் போய்க் கைகட்டி நின்றார். அன்றைக்கு நான் சொன்னது என்று ஆரம்பித்தார்.

ஹரிபத பாபு தலையைச் சாய்த்துக் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூண்டுக்கு வடக்குப் பக்கம் மறைப்பு இல்லைபோல இருக்கே, முதலியார் மொஷாய். ராத்திரி பூரா அதுங்க முனகுதுங்க."

சுந்தரேசன் கட்டிய கையை அவிழ்த்தார். பிறகு சணல் கயிறும் நாலு சாக்கும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.